வேறொரு நாட்டுக் கொடுமைக்கு இங்கிருந்து குரல் கொடுத்தால் ஏதாவது மாறுமா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம் தோழர்களே. நாங்கள் திருப்பூரில் மாதம் ஒருமுறை கூடும் சின்ன வாசிப்பு வட்டம். போன கூட்டத்தில், வல்லரசுகள் இன்னொரு நாட்டுக்குள் ஆயுதமும் பணமும் அனுப்புவதையும், அதனால் அங்கே சாகிற சனங்களையும் பற்றிப் பேசினோம். முடிகிற நேரத்தில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "நாம இங்க பேனர் பிடிச்சு நின்னா அங்க ஒரு குண்டாவது குறையுமா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. சாதாரண மக்கள் வேறொரு நாட்டு மக்களுக்காக நின்று உண்மையிலேயே எதையாவது மாற்றியிருக்கிறார்களா? பெரிய தலைவர்கள் கதை வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அட்லாண்டா செண்பகம் எழுதியது:

தம்பி, மாற்றியிருக்கிறார்கள். நான் கிட்ட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

அட்லாண்டாவில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த கன்னியாஸ்திரி ஒருவர் நவம்பர் வந்தால் கொலம்பஸ் என்ற ஊருக்கு வேனில் ஆள் சேர்த்துக்கொண்டு போவார். அவரோடு நானும் போக ஆரம்பித்தேன். அந்த ஊரில் ஃபோர்ட் பென்னிங் என்ற பெரிய ராணுவ முகாம் இருக்கிறது. அதற்குள் 'ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்' என்று ஒரு பள்ளி நடந்தது. 1946இல் பனாமாவில் தொடங்கி, 1984இல் இங்கே வந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் ராணுவ அதிகாரிகளுக்கு அமெரிக்க வரிப்பணத்தில் பயிற்சி கொடுக்கும் இடம்.

மத்திய அமெரிக்காவில் இருக்கும் சின்ன நாடான எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறக்குறைய 75,000 பேர் செத்தார்கள். அந்த அரசாங்கத்தின் ராணுவத்துக்கு ஆயுதம், பணம், பயிற்சி எல்லாம் கொடுத்தது வாஷிங்டன். அந்த நாட்டு ஆர்ச்பிஷப் ஆஸ்கர் ரொமேரோ 1980 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்கு, ராணுவ உதவியை நிறுத்துங்கள் என்று கடிதம் எழுதினார். மார்ச் 24ஆம் தேதி பூசை வைத்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1983இல் ராய் பூர்ஷ்வா என்ற பாதிரியார் இன்னும் இருவரோடு ராணுவ உடை போட்டுக்கொண்டு அந்த முகாமுக்குள் போனார். அவர் வியட்நாம் போரில் இருந்தவர். அப்போது எல் சால்வடோர் சிப்பாய்கள் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த கட்டடத்துக்கு அருகே ராத்திரியில் மரத்தில் ஏறி, ரொமேரோவின் கடைசிப் பிரசங்கத்தை டேப்பில் சத்தமாகப் போட்டார். 'அடக்குமுறையை நிறுத்துங்கள்' என்று சிப்பாய்களைப் பார்த்து ரொமேரோ சொன்ன பிரசங்கம் அது. அந்தக் குரலை அந்தச் சிப்பாய்களே தங்கள் மொழியில் கேட்க வேண்டும் என்பதற்காக ஒன்றரை வருடச் சிறைத் தண்டனையை ஏற்றுக்கொண்டார்.

1989 நவம்பர் 16ஆம் தேதி எல் சால்வடோரின் தலைநகர் சான் சால்வடோரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஆறு சேசு சபைப் பாதிரியார்களையும், சமையல் வேலை செய்த எல்பா ராமோஸையும், அவர் மகள் செலினாவையும் ராணுவம் கொன்றது. அடுத்த வருடம் பூர்ஷ்வாவும் சிறு குழுவும் முகாம் வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அப்புறம் செய்ததுதான் உங்கள் நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது. வெறும் கோஷத்தோடு அவர்கள் நிற்கவில்லை. தகவல் அறியும் சட்டத்தில் எழுதிக் கேட்டு, அந்தப் பள்ளியில் படித்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கினார்கள். 1993இல், அந்தப் போரில் நடந்த கொடுமைகளை விசாரித்த ஐ.நா. உண்மை ஆணையத்தின் அறிக்கை வந்ததும் அதிலிருந்த பெயர்களோடு ஒத்துப் பார்த்தார்கள். பாதிரியார்கள் கொலையில் சொல்லப்பட்ட 26 அதிகாரிகளில் 19 பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். லேபில் சாம்பிளையும் சீட்டையும் ஒத்துப் பார்ப்பது போன்ற பொறுமையான வேலை அது. அதைச் செய்தவர்களில் பலர் ஓய்வு பெற்ற ஆசிரியைகள், கன்னியாஸ்திரிகள், பழைய சிப்பாய்கள்.

நவம்பர் ஊர்வலத்தில் ஆளுக்கொரு வெள்ளைச் சிலுவை கொடுப்பார்கள். அதில் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், வயது. மேடையிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பாடுவார்கள். கூட்டம் முழுக்க 'பிரெசென்தே', இங்கே இருக்கிறேன், என்று பதில் சொல்லும். மணிக்கணக்கில் இது நடக்கும். 1981 டிசம்பரில் எல் சால்வடோரின் எல் மொசோட்டே கிராமத்தில் அந்நாட்டு ராணுவத்தின் அட்லாகாட்ல் படைப்பிரிவு கொன்றவர்களின் பெயர்கள் வரும்போது வயதுகள் இரண்டு, நான்கு, ஆறு என்று போகும். எனக்கு அந்த இடத்தில் குரல் எழும்பாது. பக்கத்தில் இருக்கிறவர்கள் எனக்கும் சேர்த்துச் சொல்வார்கள்.

சிறு குழுவாக ஆரம்பித்தது பத்தாயிரம் பேரைத் தாண்டியது. ஆண்டுதோறும் சிலர் முகாமின் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சிறைக்குப் போனார்கள். 1996இல் அந்தப் பள்ளியில் பயன்படுத்திய பாடக் கையேடுகளை, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனே வெளியிட வேண்டிவந்தது. ஆட்களைச் சித்திரவதை செய்வது, மிரட்டுவது எல்லாம் அதில் இருந்தது. 1999இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 230க்கு 197 என்ற கணக்கில் பள்ளிக்கான பணத்தில் ஒரு பகுதியை வெட்ட ஓட்டுப் போட்டார்கள். 2000 டிசம்பரில் பள்ளியை மூடினார்கள்.

கரிசல்குரல் எழுதியது:

அக்கா, மதிப்போடு கேட்கிறேன். மூடிய அடுத்த மாதமே வேறு பெயரில் அதே முகாமில் திறந்துவிட்டார்களே? சபையில் போட்ட ஓட்டும் கடைசிச் சட்டத்தில் வரவில்லை. இதை வெற்றி என்று சொல்லலாமா?

அட்லாண்டா செண்பகம் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி. 2001 ஜனவரியில் புதுப் பெயரில் திறந்தார்கள், இன்றும் நடக்கிறது. அதனால்தான் அதற்குப் பிறகும் பல வருடம் மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு அர்ஜென்டினா, உருகுவே போன்ற நாடுகள் தங்கள் சிப்பாய்களை அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் வரைக்கும் வந்தது. அந்த அரசாங்கங்களிடம் இந்த இயக்கத்து ஆட்கள் நேரில் போய்ப் பேசினார்கள்.

ஆனால் என் கணக்கில் பெரிய வெற்றி அகதிகள் விஷயத்தில் வந்தது. எல் சால்வடோரிலிருந்தும் குவாதமாலாவிலிருந்தும் ஓடிவந்தவர்களுக்கு 1980களில் அமெரிக்கா புகலிடமே கொடுக்கவில்லை. நூறு பேர் கேட்டால் மூன்று பேருக்குக்கூடக் கிடைக்காது. கொடுத்தால், தான் காசு கொடுக்கும் அரசாங்கம் கொலை செய்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா. 1982 மார்ச் 24, ரொமேரோ செத்து இரண்டாம் வருடம், அரிசோனாவின் டூசான் நகரில் ஜான் ஃபைஃப் என்ற பாஸ்டரின் சர்ச், அகதிகளுக்கு இங்கே அடைக்கலம் உண்டு என்று வெளிப்படையாக அறிவித்தது. ஜிம் கார்பெட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் அகதிகளை எல்லை தாண்டிக் கூட்டிவந்தார். நூற்றுக்கணக்கான சர்ச்சுகளும் யூதக் கோயில்களும் சேர்ந்துகொண்டன. அரசாங்கம் ஒற்றர்களை சர்ச்சுக்குள் அனுப்பி, பேச்சைப் பதிவு செய்து வழக்குப் போட்டது. 1986இல் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் சர்ச்சுகள் அரசாங்கத்தின் மேல் திருப்பி ஒரு வழக்குப் போட்டிருந்தன. 1991இல் அரசாங்கம் இறங்கிவந்து, மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைப் புதிதாக விசாரிக்க ஒத்துக்கொண்டது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருந்தியது. திருப்பி அனுப்பியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? குண்டு குறையுமா என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

லேத் மேஸ்திரி, கோவை எழுதியது:

நான் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவன், அதனால் ஒரு தொழிலாளர் கதை. ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைடு என்ற ஊரில் ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின் தொழிற்சாலை. 1973 செப்டம்பரில் சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஜனாதிபதி மாளிகை மேல் குண்டு போட்ட ஹாக்கர் ஹண்டர் விமானங்களின் என்ஜின்கள், 1974 மார்ச்சில் பழுது பார்க்க அங்கே வந்தன. பாப் ஃபுல்டன் என்ற பரிசோதகர் அவை சிலி விமானப்படையுடையவை என்று தெரிந்ததும் கை வைக்க மாட்டேன் என்றார். சங்கம் அவர் பின்னால் நின்றது. என்ஜின்கள் பெட்டிக்குள் வெளியே மழையில் கிடந்தன. அந்த ஊர் மழையில் என்ஜினைப் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடம் கழித்து, 1978இல் ஒரு ராத்திரி யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்த நான்கு வருடம் அவை பறக்கவில்லை. 2015இல் ஃபுல்டனுக்கும் இரண்டு தோழர்களுக்கும் சிலி அரசு விருது கொடுத்தது.

நொய்யல்கரை எழுதியது:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. எங்கள் ஊரில் ராணுவப் பள்ளியும் இல்லை, விமான என்ஜினும் இல்லை. நாங்கள் எங்கே ஆரம்பிப்பது?

அட்லாண்டா செண்பகம் எழுதியது:

அங்கே இருக்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதில் ஆரம்பியுங்கள். ராணுவ உதவியை நிறுத்து என்று முதலில் கேட்டது ரொமேரோ. அமெரிக்காவில் இருந்தவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் பேசும் நாட்டின் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் வெளிநாட்டாரிடம் என்ன கேட்டிருக்கின்றன என்று தேடி எடுங்கள். அப்புறம் அந்தக் கோரிக்கை உங்கள் ஊரை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். உங்கள் ஊர்த் துணி எல்லா நாட்டுக்கும் போகிறது. யாருக்குப் போகிறது, சீருடைத் துணி உண்டா, சங்கங்களுக்கு இது தெரியுமா என்று அந்தப் பனியன் கம்பெனி நண்பர்தான் விசாரிக்க முடியும். அவரையே முன்னால் விடுங்கள்.

கார்ட்டருக்கு ரொமேரோ எழுதிய கடிதத்தை வட்டத்தில் வாசிக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். இந்த வாரம் உட்கார்ந்து தமிழில் எழுதி இங்கேயே போடுகிறேன்.