ஒரே கம்ப்யூட்டரில் பழைய டேலியும் புது டேலியும்: வைக்கலாமா, கூடாதா?

(டேலி: கணக்கு எழுதுற மென்பொருள். இங்கே பேசுறவங்களுக்கு அவங்க ஊர்தான் பெயர்.)

கோனாபட்டு: ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கிறது) விற்கிற கடை. விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ராம். பழைய டேலியான இ.ஆர்.பி. 9 ஓடுது. பில்லில் கல் எண்ணிக்கையும் சதுர அடியும் சேர்ந்து வர டிடிஎல் (டேலிக்கான நிரல்) எழுதிப் போட்டிருக்கு. ஆடிட்டர் புது டேலியான டேலிபிரைம் கேட்கிறார். ரெண்டையும் ஒரே மெஷினில் வைக்கலாமா?

தேவகோட்டை ரஸ்தா: தாராளமா வைக்கலாம் தம்பி. பிரைமை நிறுவும்போது பாதையைத் தனியாகக் கொடுங்க, பழைய ஃபோல்டருக்குள் விடாதீங்க. டேட்டாவும் தனித்தனி: டி டிரைவில் ‘பழசு’, ‘புதுசு’ன்னு ரெண்டு ஃபோல்டர். பழைய டேலியை மூடிட்டு, கம்பெனி எண் போட்ட ஃபோல்டரை அப்படியே ‘புதுசு’க்குள் காப்பி பண்ணுங்க. பிரைமின் டேட்டா பாதையை அங்கே திருப்பிட்டு அப்புறம் திறங்க. லைசென்ஸ் ஒண்ணே போதும், மெஷின் ஒண்ணுதானே.

பள்ளத்தூர்: அண்ணே, காப்பி பண்ணச் சொன்னீங்க, ஏன்னு சொல்லலையே. பிரைம் 3.0-க்கு முந்தைய ரிலீஸ்கள் இ.ஆர்.பி. 9 ரிலீஸ் 6 டேட்டாவை அப்படியே திறந்தது. 3.0-இலிருந்து டேட்டாவையே மாத்திடும். மாத்தினது பழசில் திறக்காது. ரெண்டு ஐகானும் ஒரே டெஸ்க்டாப்பில் கிடந்தா, பில் போடுற பையன் ஒருநாள் பிரைமில் பாதை மாத்தி ‘பழசை’த் திறந்து ‘சரி’ன்னு அமுக்குவான். அதனால பழசை விர்ச்சுவல் மெஷினுக்குள் (கம்ப்யூட்டருக்குள்ளே மென்பொருளால் ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) பூட்டி வைக்கிறதுதான் சரி. ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுத்துட்டா என்ன கெட்டாலும் திரும்பிடலாம்.

தேவகோட்டை ரஸ்தா: 8 ஜிபி ராமிலா? உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு 4 ஜிபி கொடுத்தா வெளியே இருக்கிறது திணறும். உள்ளே இன்னொரு விண்டோஸ் லைசென்ஸும் வேணும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற ஹைப்பர்-வி விண்டோஸ் ஹோமில் கிடையாது, விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி வெளி மென்பொருள்தான். முக்கியமா ஒண்ணு: டேலிக்கு அது வேறொரு கம்ப்யூட்டர். ஒரே சில்வர் லைசென்ஸை (ஒருத்தர் மட்டும் பயன்படுத்துறது) உள்ளே கொண்டுபோகணும்னா வெளியே சரண்டர் பண்ணணும். பண்ணாட்டி உள்ளே லைசென்ஸ் இல்லாத எஜுகேஷனல் மோடுதான், 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும் வவுச்சர் (கணக்குப் பதிவு) போடலாம். டிடிஎல் பில் அடிக்கவா அது?

பள்ளத்தூர்: பழசில் இனி பில் எதுக்கு? கணக்கைப் பார்க்கத்தானே. பில் பழசில், ஜிஎஸ்டி புதுசில்னு ஓட்டினா மாசக் கடைசியில் சரக்கு இருப்பு ரெண்டிலும் ரெண்டு மாதிரி நிக்கும்.

தேவகோட்டை ரஸ்தா: அதை ஒத்துக்கிறேன். மெஷின் ஒண்ணு இருக்கலாம், பேரேடு ரெண்டு இருக்கக் கூடாது.

கண்டனூர் ஆச்சி: ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க, அந்த டிடிஎல் தேவையான்னு யாரும் கேட்கலை. 8 அங்குலக் கல் 9 சேர்ந்தா சரியா 4 சதுர அடி (9 × 64 = 576 சதுர அங்குலம்). சரக்கு மாஸ்டரில் (சரக்கு விவரப் பக்கம்) மாற்று அலகை (ரெண்டாவது அளவு) எஃப்12 அமைப்பில் திறந்து, 4 சதுர அடி = 9 எண்ணம்னு கொடுங்க. பில் அச்சுக்கான எஃப்12-இல் மாற்று அளவையும் காட்டச் சொல்லுங்க. ரெண்டும் பில்லில் வந்துடும். 10 அங்குலக் கல்லுக்கு 36 கல் = 25 சதுர அடி. 0.44, 0.69னு தசமத்தில் போட்டீங்கன்னா பெரிய வீட்டு ஆர்டரில் சதுர அடி பிசகும்.

கோனாபட்டு: ஆச்சி, இது தெரியாம டிடிஎல்லுக்காகவே பழசைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். அப்ப பழசை எடுத்துடலாமா?

கண்டனூர் ஆச்சி: எடுக்காதே. ஜிஎஸ்டி கணக்கை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைக்கணும். மாத்தின டேட்டாவில் சந்தேகம் வந்தா ஒப்பிட மூலம் வேணும். மாத்தின கையோட மார்ச் 31 தேதிக்கு ரெண்டிலும் ஐந்தொகை, சரக்குச் சுருக்கம், பாக்கிப் பட்டியல் மூணையும் அச்செடுத்துப் பக்கத்தில் வச்சுப் பாரு. பைசா பிசகக் கூடாது. ஜிஎஸ்டிஆர்-1-இல் (விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன்) மட்டும் ‘திருத்தம் வேண்டியவை’ன்னு சிலது தனியா நிக்கும். பெரும்பாலும் எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீடு) இல்லாத சரக்கு, மாநிலம் போடாத வாடிக்கையாளர். மாஸ்டரில் திருத்து, வவுச்சர் வவுச்சரா உட்காராதே.

பள்ளத்தூர்: இன்னொரு கண்ணியும் இருக்கு. மத்த மென்பொருள் டேலியோட பேசுற வாசல், போர்ட், ரெண்டு டேலிக்கும் 9000. ரெண்டும் திறந்திருந்தா முதலில் திறந்தது போர்ட்டைப் பிடிச்சுக்கும். எக்செல்லிலிருந்து பதிவு ஏத்துற கருவிக்கு எது பழசு, எது புதுசுன்னு தெரியாது. முதலில் திறந்தது பழசுன்னா பேங்க் பதிவெல்லாம் அதில் போய் விழும்.

தேவகோட்டை ரஸ்தா: பழசில் போர்ட்டை 9001 ஆக்கிட்டாப் போச்சு. எஃப்12-இல் மேம்பட்ட அமைப்புக்குள் இருக்கு, மாத்தினதும் மூடித் திறக்கணும். இதுக்காக விர்ச்சுவல் மெஷினா?

கோனாபட்டு: ‘பழசு’ ஃபோல்டரை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்கிட்டா?

தேவகோட்டை ரஸ்தா: வேண்டாம், ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாட்டி டேலி தகராறு பண்ணும். பழசுக்குள்ளேயே பாதுகாப்பை ஆன் பண்ணி, கடைப் பையனுக்குத் தனிப் பயனர் கொடுத்து, பின்தேதி வவுச்சருக்கு மார்ச் 31-ஐக் கெடுவா வைங்க. ஏப்ரலில் புதுசா பதிவு போடுறதை அது தடுக்காது, அதனால டெஸ்க்டாப்பில் பழைய ஐகானையும் எடுத்துடுங்க.

பள்ளத்தூர்: ஐகானை எடுத்தா எக்ஸ்புளோரரில் தேடிப் போவான். நான் விர்ச்சுவல் மெஷின் பக்கம்தான். ராம் 16 ஆக்கினா நீங்களும் வருவீங்க.

கண்டனூர் ஆச்சி: உங்க கடை பிரைவேட் லிமிடெட்டா, தனி முதலாளி கடையா? கம்பெனின்னா 2023 ஏப்ரல் 1-இலிருந்து திருத்தத் தடம் (எதை எப்போ மாத்தினாங்கன்னு குறிப்பு) பதிவாகிற மென்பொருளில்தான் கணக்கு எழுதணும்.

கோனாபட்டு: தனி முதலாளிதான் ஆச்சி. இப்ப பழசை மூடிட்டு ஃபோல்டர் காப்பி ஓடுது, பென்டிரைவில் இன்னொண்ணும் போடுறேன்.