தோழிக்காகக் கேட்கிறேன், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்கா தங்கைகளே, என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன், அவள் சம்மதத்தோடுதான். இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவர் விட்டுப் போய்விட்டார். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். கலைத்துவிடுவது என்று அவளே யோசித்து முடிவெடுத்திருக்கிறாள். ஏன் என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

கையில் பணமில்லை. மருத்துவச் செலவு மட்டுமா? ஸ்கேன், போக்குவரத்து, இரண்டு நாள் கூலி போவது, பிள்ளைகளை யாரிடம் விடுவது... காசு சேரட்டும் என்று காத்திருந்தே மூன்று வாரம் ஓடிவிட்டது. என் பயமே இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 12 வாரத்துக்குள் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மாத்திரைகளாலேயே பாதுகாப்பாக முடித்துவிடலாம். தாமதமாக ஆகச் செலவும் கூடும், சிக்கலும் கூடும். யார் யாரோ சொல்லும் மருந்தைத் தேடிப் போய்விடுவாளோ என்று எனக்கு இரவில் தூக்கமே இல்லை.

கட்டணமில்லாமலோ தவணையிலோ பார்க்கிற, கணவரின் கையெழுத்தைக் கேட்டு விரட்டாத மருத்துவர் யாரையாவது தெரியுமா? இந்த மாதிரிச் செலவுக்குக் கைகொடுக்கும் பெண்கள் அமைப்பு ஏதாவது? மருத்துவமனைக்குத் துணையாக நான் போவேன். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். உள்பெட்டியில் எழுதுங்கள். அவள் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.