பாசி வளர்க்கும் குழுக்களை ஒரே ஆர்டருக்குள் இணைக்க, முதலில் எதை ஆய்வு செய்வது?

வடகடல்_ஒருங்கிணைப்பு:
ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், சம்பை, மங்காடு பக்கம் மிதவையில் கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசியை வளர்க்கும் மகளிர் குழுக்கள், காயவைக்கும் களங்கள், சாறு பிழியும் ஆலை எல்லாம் தனித்தனியாகவே இயங்குகின்றன. 10 டன் காய்ந்த பாசி குறித்த தேதிக்குள் வேண்டும் என்று ஆர்டர் வந்தால் ஒரு குழுவால் தர முடியாது. சேர்ந்து தர ஒரு வலையமைப்பு அமைக்குமுன் இப்போதைய நடைமுறைகளை ஆராய வேண்டும். கேள்விப் படிவத்தில் தொடங்கலாமா?

களத்துமேடு:
படிவம் பிறகு போதும். "எப்படி வேலை செய்றீங்க?" என்று கேட்டால் நடக்க வேண்டியதைத்தான் சொல்வார்கள், நடப்பது வெளியே வராது. ஒரு மிதவையின் பாசியை, அறுப்பிலிருந்து சாக்கு லாரி ஏறும்வரை பின்தொடருங்கள். கடலிலிருந்து கரை, கரையிலிருந்து களம், களத்திலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து வாங்குபவர். இப்படிக் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் நேரம், எடை, ஈரம், தரத்தை முடிவு செய்தது யார், பணம் எப்போது வந்தது என்று குறியுங்கள். தகராறு வருவதெல்லாம் இந்த இடங்களில்தான்.

உற்பத்தித் திறனை நாள் கணக்கில் எடுங்கள். 12க்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதை கட்டினால் 45 நாளில் சராசரியாக 260 கிலோ வரும். மறு விதைப்புக்கு 60 போக 200 மீதி. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ. ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்றை அறுத்து, அதையே திரும்பக் கட்டலாம். அப்படி 12 பேர் சேர்ந்தால் நாளுக்கு 240 கிலோ. 10 டன்னுக்கு 42 நாள். இது நல்ல வானிலைக்கான கணக்கு. கடல்நீர் சூடாகும் மாதங்களில் தண்டு வெளுத்து முறிகிறது, ஓரா மீன் மேய்கிறது, வாடைக்காற்றில் மிதவை உடைகிறது. இந்த இழப்பைக் குழு வாரியாக, மாத வாரியாக எடுக்காமல் யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள்.

தராசு:
ஈரத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன், கூட்டு முயற்சி உடைவது பெரும்பாலும் இதில்தான். ஒரு குழு 32 சதவீதத்தில் கொண்டுவரும், இன்னொன்று 40இல் கொண்டுவரும். இரண்டுக்கும் ஒரே கிலோ விலை கொடுத்தால் நன்றாகக் காயவைத்தவருக்குத்தான் நட்டம், அடுத்த முறை அவரும் ஈரமாகவே தருவார். எல்லா எடையையும் 35 சதவீத அடிப்படைக்கு மாற்றுங்கள்: 100இலிருந்து ஈரச் சதவீதத்தைக் கழித்து, எடையால் பெருக்கி, 65ஆல் வகுக்க வேண்டும். 40 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, கணக்கில் 92.3 கிலோ. ஈரம் பார்க்க, பல சாக்குகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். சாக்கின் மேல்வாயில் மட்டும் எடுத்தால் முடிவு ஏமாற்றும்.

மணல், ஒட்டிய சிப்பி, நைலான் நூல் மூன்றையும் எடைக்கு முன்பே நீக்கவேண்டும். மணல்தரையில் நேரடியாகக் காயப்போடும் களத்தை வலையமைப்பில் சேர்க்கவே கூடாது. வலை விரித்த பரண் வேண்டும். பாதி காய்ந்தது மழையில் நனைந்தால் தரம் போய்விடும், அதைத் தனிச் சாக்கில் கட்டுங்கள். சாக்குக்கு ஒரு சீட்டு: குழு எண், அறுத்த தேதி, களம்.

வடகடல்_ஒருங்கிணைப்பு:
நன்றி. சாறு ஆலை பச்சையாகவே கேட்கிறது. காயவைப்பதற்கு அது போட்டியாகாதா?

நெய்தல்_திட்டம்:
போட்டிதான், ஆனால் முன்கூட்டியே முடிவெடுத்தால் சமாளிக்கலாம். சாற்றுக்கான பாசியை அறுத்த அன்றே பிழிய வேண்டும். ஆகவே எந்தக் குழு எத்தனை கிலோ பச்சையாகத் தரும் என்பது முதல்நாள் மாலைக்குள் உறுதியாக வேண்டும். விலையை ஒப்பிட, 10 கிலோ பச்சையின் விலையை, ஒரு கிலோ காய்ந்ததன் விலையில் காயவைக்கும் கூலி கழித்த தொகையோடு வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பச்சை விற்பது பாதுகாப்பு. அந்த மாதங்களுக்கு ஆலையோடு ஒதுக்கீட்டை முன்பே பேசுங்கள்.

அமைப்பு விஷயத்தில் லிஸ்பனின் கமரின்ஹா மாட்டோஸ், ஆம்ஸ்டர்டாமின் அஃப்சர்மனேஷ் என்ற ஆய்வாளர்கள் கூட்டு வலையமைப்புகளை இரண்டாகப் பிரித்துச் சொல்வது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: நிலையான சங்கம் ஒன்று, அதிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் திரளும் தற்காலிகக் கூட்டு இன்னொன்று. தராசு, ஈரச் சோதனை, விதை இருப்பு, தகராறு தீர்க்கும் விதி ஆகியவை சங்கத்துக்கு. யார் எவ்வளவு, எந்தத் தேதி, குறைந்தால் யார் ஈடுகட்டுவது என்பவை ஆர்டருக்கு. இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் அடிப்படை விதியையே திரும்பப் பேச வேண்டிவரும். சங்கத்தை உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்ய 10 உற்பத்தியாளர்களும் 5 இயக்குநர்களும் போதும்.

விதை இருப்பை ஒரே ஊரில் வைக்காதீர்கள். நோய் வந்தால் எல்லாக் குழுவின் வேலையும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். மிதவையைக் கூட்ட இடம் தேடும்போது மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் போகவே வேண்டாம். குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்தது பதிவாகியிருக்கிறது. இட அனுமதிக்கு மீன்வளத்துறையையும் வனத்துறையையும் ஆய்வுக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள்.