கிடைமட்டமாக எறிந்த பந்தும் பறிபோன மார்க்கும்

பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வு. 45 மீட்டர் உயர மாடியிலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தைக் கிடைமட்டமாக எறிகிறார்கள், எவ்வளவு தூரத்தில் விழும்? 'எஸ் ஈக்குவல் டு யுடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர்' தலைகீழ்ப் பாடம். எஸ் தூரம், டி நேரம், ஏ முடுக்கம்; யு என்றால் தொடக்கத் திசைவேகம், கணக்கில் இருப்பதோ 20. தூக்கிப் போட்டுவிட்டேன். இருபடிச் சமன்பாடு வந்து நின்றது. மல்லுக்கட்டித் தீர்த்து 1.6 விநாடி, 32 மீட்டர் என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டேன்.

விடைத்தாளில் சார் சிவப்பில் எழுதியிருந்தது ஒரே வரி: 'பந்தைக் கீழ்நோக்கி எறிந்தது யார்?'

அந்த 20 முழுக்கப் பக்கவாட்டில் போவது. கீழ்நோக்கித் தொடக்க வேகம் பூஜ்யம். ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, 10 என்று வைத்தால் 45 மீட்டர் விழ 3 விநாடி, அதை 20-ஆல் பெருக்கினால் 60 மீட்டர். இரண்டே வரி! உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

—

நான் டியூஷன் எடுக்கிறவள். எத்தனை படம் போட்டாலும், "வேகமா தள்ளினது லேட்டாதான் மிஸ் விழும்" என்பார்கள். அதனால் மேசை விளிம்பில் ஒரு நாணயத்தை ஸ்கேலால் தட்டிவிடுவேன், அதே நொடியில் இன்னொன்றைப் பக்கத்திலிருந்து நேராக விடுவேன். கண்ணை மூடிக் கேட்கச் சொன்னால் ஒரே 'டிங்'. 80 சென்டிமீட்டர் மேசைக்கு 0.4 விநாடி, மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும். (கை தடுமாறி இரண்டு 'டிங்' கேட்ட நாளும் உண்டு. அன்று வகுப்பு அவ்வளவுதான்.)

—

எனக்கு விமானக் கணக்கு. 500 மீட்டர் உயரம், மணிக்கு 360 கிலோமீட்டர் வேகம், உணவுப் பொட்டலத்தை எவ்வளவு முன்னால் போட வேண்டும்? நேரம் 10 விநாடி என்று சரியாக எடுத்துவிட்டு, 360-ஐ அப்படியே பெருக்கி 3,600 மீட்டர் என்றேன். விநாடிக்கு 100 மீட்டர் என்று மாற்றியிருந்தால் 1,000 மீட்டர். வெள்ளத்தில் நிற்பவர்களுக்கு இரண்டரை கிலோமீட்டர் முன்னாலேயே சோறு விழுந்திருக்கும்.

—

முதலில் எழுதியவன்தான். சொல்ல வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன்: அதே கேள்வியின் ஆ பிரிவு, தரையைத் தொடும்போது வேகம் என்ன? கீழ்நோக்கி 30, பக்கவாட்டில் 20 என்று பக்கத்து பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டேன். அப்புறம் கூட்டி 50 என்று எழுதினேன். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 36. காப்பியடித்தும் தப்பு.