இடையிழை ஹிஸ்டோன்: ஒரு முன்மொழிவு

எல்லோருக்கும் வணக்கம்.

டி.என்.ஏ.யைப் பொதிந்து வைக்க உதவும் புரதங்கள் ஹிஸ்டோன்கள். அவற்றில் எச்1 (H1) என்பதை ஆங்கிலத்தில் linker histone என்பார்கள். அதற்குத் தமிழ்ப் பெயராகத் தம்பி முன்வைத்த 'இணைப்பு ஹிஸ்டோன்' எனக்குச் சரியாகப் படவில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பெயரைக் கேட்கிற பிள்ளை, இரண்டு நியூக்கிளியோசோம்களை (ஹிஸ்டோன் மையத்தில் டி.என்.ஏ. சுற்றிய அலகுகளை) இந்தப் புரதம் ஒட்டவைக்கிறது என்றுதான் விளங்கிக்கொள்ளும். நடப்பது அதுவல்ல.

எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த மையத்தைச் சுற்றி டி.என்.ஏ. ஏறத்தாழ 147 மூலச் சோடிகள் நீளத்துக்குச் சுற்றிக் கிடக்கிறது. அது மையத்தில் ஏறும் இடமும் விட்டுப் போகும் இடமும் கிட்டக்கிட்ட வரும். எச்1 இருப்பது அந்த வாயிலில்தான். பொதி கட்டும்போது கயிறு குறுக்கிடும் இடத்தை விரலால் அமத்திப் பிடிப்போமே, அப்படி. ஏறத்தாழ 80 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் கோளப் பகுதி, நியூக்கிளியோசோமைச் சமச்சீராக இரண்டாகப் பிரிக்கும் நடுவச்சின் (dyad) அருகே உட்கார்ந்து, வருகிற டி.என்.ஏ.யையும் போகிற டி.என்.ஏ.யையும் தொடுகிறது. இதனால் இன்னும் 20 சோடிகள் வரை டி.என்.ஏ.யை வெட்டும் நொதிக்குத் தப்புகின்றன. லைசின் நிறைந்த நீண்ட வாலுக்கு நிலையான மடிப்பு கிடையாது. அதன் நேரேற்றம், இரு மையங்களுக்கு நடுவே ஓடும் டி.என்.ஏ.யின் மறையேற்றத்தைத் தணிக்கிறது. டி.என்.ஏ.யும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த குரோமற்றின் நெருங்கி மடிய இதுதான் உதவுகிறது.

இந்தக் கோளப் பகுதியின் அமைப்பை 1993இல் படிகத்தில் பார்த்துச் சொன்ன குழுவில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இருந்தார். அவர்கள் எடுத்தது கோழியின் செங்குழியத்தில் உள்ள எச்5, எச்1இன் நெருங்கிய உறவு. தமிழில் இதை எழுதும்போது இந்தச் செய்தியையும் சேர்த்து எழுதுங்கள், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்.

ஐயா சொன்ன 'கவ்வு ஹிஸ்டோன்' செயலுக்கு இன்னும் கிட்ட வருகிறது. ஆனால் உயிருள்ள கலத்தில் எச்1 ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. சில நிமிடங்களில் விலகும், வேறொன்று வந்து உட்காரும். கவ்வு என்றால் விடாப்பிடி என்ற எண்ணம் வந்துவிடும். 'பிணைப்பு' வேண்டவே வேண்டாம், அதை இரசாயனத்தில் bond என்பதற்குக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே செயலை விட்டு இடத்தால் பெயர் வைப்போம். இரு மையங்களுக்கு இடையே ஓடும் டி.என்.ஏ.க்கு இடையிழை. அதன் வாயிலில் அமர்வது இடையிழை ஹிஸ்டோன். முதற்சொல் விளங்கினால் இரண்டாவது தானாக விளங்கும். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர்க்காரர் நாங்கள், இந்தச் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு மினக்கெடுவது நியாயம்தான்.

'இழை' ஏற்கெனவே குரோமற்றின் இழையில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதைக் குரோமற்றின் நார் என்று மாற்றலாம். இதில் மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். நடுவச்சுக்கும் இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.