ஃபியூசர் 30 கிலோவோல்ட்டைத் தாண்டினால் கைகர் கவுண்டர் அலறுகிறது: காமாவா, எக்ஸ்ரேயா?

மின்மினி:
வணக்கம். ஓஹையோவில் நண்பர் வீட்டு கராஜில் சின்ன ஃபியூசர் (உயர் வோல்ட்டேஜால் அணுக்களை மோதவிட்டு இணைக்கும் கருவி) ஒன்றை ஓட்டுகிறோம். 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேம்பர், நடுவில் டங்ஸ்டன் கிரிட் (கம்பிவலை), ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) வாயுவை விட்டு 30 கிலோவோல்ட்டுக்கு மேல் ஏற்றினால், ஜன்னலுக்கு எதிரே இருக்கும், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டர் அலறுகிறது. பக்கவாட்டில் வைத்தால் அமைதி, ஆனால் அவ்வப்போது படபடவென்று ஓர் எண்ணிக்கை வெடிப்பு வருகிறது. இது ஃபியூஷனிலிருந்து (அணு இணைவு) வரும் காமாவா? ஈயத்தகடு எங்கே, எவ்வளவு தடிமனில் வைக்க வேண்டும்?

வெற்றிடக்குழாய்:
தம்பி, இனி அந்த ஜன்னலுக்கு நேரே முகத்தை வைக்கவே வேண்டாம், அது முதல் வேலை.

அது எக்ஸ்ரேதான். டியூட்டீரியமும் டியூட்டீரியமும் இணைந்தால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, ஒன்று ஹீலியம்-3 கூட 2.45 எம்இவி (பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட், ஆற்றல் அலகு) நியூட்ரான், இல்லையென்றால் டிரிட்டியம் (இன்னும் கனமான ஹைட்ரஜன்) கூட புரோட்டான். நேரடியாகக் காமா வரும் வழி கோடியில் ஒன்று என்ற அளவில்தான். ஆனால் கிரிட்டிலிருந்து வெளியே பாயும் எலக்ட்ரான்கள் சுவரிலும் கண்ணாடியிலும் மோதி எக்ஸ்ரே உண்டாக்கும், அதன் உச்ச ஆற்றல் நீங்கள் கொடுக்கும் வோல்ட்டேஜ்தான்: 30 கிலோவோல்ட் என்றால் 30 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்). அதை 3 மி.மீ. ஸ்டீல் கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிடும், கண்ணாடி கணிசமாக விட்டுவிடும்.

ஸ்டீலை நம்பி மேலே ஏற்றவும் கூடாது. 40 கேஇவி எக்ஸ்ரேயில் சில ஆயிரத்தில் ஒன்றுதான் அந்தச் சுவரைத் தாண்டும், 60 கேஇவியில் நூற்றுக்கு ஐந்தாறு தாண்டிவிடும். ஜன்னலுக்கு 2 மி.மீ. ஈயத்தகடு வைத்து மூடுங்கள்.

இடிதாங்கி:
பக்கவாட்டு வெடிப்பு எனக்கு மின்காந்த இரைச்சல் மாதிரிதான் படுகிறது. சேம்பருக்குள் ஆர்க் (மின்பொறி) அடிக்கும்போது கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். கவுண்டர் குழாய்க்குப் போகும் வோல்ட்டேஜை மட்டும் அணைத்துவிட்டு, எண்ணும் சர்க்யூட்டை ஓடவிட்டுப் பாருங்கள், அப்போதும் எண்ணினால் கதிர் இல்லை, இரைச்சல். அப்புறம், கவுண்டர் காட்டும் மைக்ரோசீவர்ட்டை (கதிர் அளவை) அப்படியே நம்ப வேண்டாம், பெரும்பாலானவை சீசியம்-137இன் 662 கேஇவியை வைத்து அளவு திருத்தப்பட்டவை, தாழ்ந்த எக்ஸ்ரேக்கு அந்த எண் தவறும்.

மின்மினி:
ரொம்ப நன்றி அண்ணா. ஈயத்தகட்டை வைத்ததும் ஜன்னல் பக்கம் பின்னணி அளவுக்கே இறங்கிவிட்டது. வெடிப்பு, குழாயை அணைத்த பிறகும் வந்தது, கவுண்டரை எர்த் செய்த அலுமினியப் பெட்டிக்குள் வைத்ததும் நின்றது. இனி நியூட்ரானுக்குப் பாராஃபின் மெழுகுச் சுவர் கட்டப் போகிறோம். அதற்கும் ஈயம் வேண்டுமா?

வெற்றிடக்குழாய்:
சரி, காமா பற்றிய கேள்வி இங்கேதான் வருகிறது. நியூட்ரானை ஈயம் பெரிதாக வேகம் குறைக்காது, பாராஃபினில் இருக்கும் ஹைட்ரஜன் குறைக்கும். ஆனால் வேகம் குறைந்த நியூட்ரானை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும்போது 2.22 எம்இவி காமா வரும், அதைப் பாதியாக்கவே 1.3 செ.மீ.க்கு மேல் ஈயம் தேவை. பாராஃபினில் போரான் கலந்தால் நியூட்ரானைப் பெரும்பாலும் போரானே பிடித்துவிடும், அப்போது வருவது 478 கேஇவிதான், தடுப்பது எளிது. ஈயம் வைப்பதானால் பாராஃபினுக்கு வெளிப்பக்கம் வையுங்கள். உங்கள் நியூட்ரான் அளவுக்கு இந்தக் காமா மிகச் சொற்பம், கைகரில் தனியாகத் தெரியாது, பார்க்க ஆசை என்றால் சோடியம் அயோடைடு கிரிஸ்டலும் ஸ்பெக்ட்ரம் எடுக்கும் கருவியும் வேண்டும்.

இடிதாங்கி:
பிளாஸ்மாவைப் பார்க்க ஜன்னலில் மலிவான வெப்கேம் ஒன்றைப் பொருத்தி, ஈயத்தை அதற்குப் பின்னால் வையுங்கள். எக்ஸ்ரே உண்டாக்கும் கருவிகளுக்கு அங்கே மாநில அளவில் விதிகள் உண்டு, வோல்ட்டேஜை மேலே ஏற்றும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.