640 கேபிக்குள் அடக்க மெம்மேக்கர் போதுமா, கைவேலை வேண்டுமா?

திருப்பூர் சிவா:
1993-இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் 6.0 இயங்குதளம் கூடவே வந்த, மெமரியை ஒழுங்குபடுத்தும் மெம்மேக்கர் நிரலை இன்னும் சிலர் மட்டம் தட்டுகிறார்கள். டாஸ் ஓடத் தொடங்கிய பிசியின் 8088 சிப்புக்கு எட்டும் மெமரி மொத்தமே 1 எம்பி. மேலே 384 கேபி திரை கார்டுக்கும், மெஷினைக் கிளப்பும் பயாஸுக்கும் போனால், மிச்சம் 640. அதிலும் நெட்வேர் (சர்வரோடு இணைக்கும் மென்பொருள்), மவுஸ் டிரைவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு பனியன் கம்பெனியின் ஃபாக்ஸ்ப்ரோ (தரவுத்தள மென்பொருள்) கணக்குக்கு இடம் ஏது? மெம்மேக்கரை ஓட்டினால் மெஷினை ரீபூட் செய்து பார்த்து, டிரைவர்களை 640-க்கு மேலே ஏற்றிவிடும். கணக்குப்பிள்ளையே செய்துகொள்ளலாம்.

ஈரோட்டுக்காரன்:
ஏத்தும், சரிங்க தம்பி. எங்கே ஏற்றுகிறது என்பதுதான் வம்பு. கஸ்டம் செட்டப்பில் மேல் மெமரியைத் தீவிரமாகத் துழாவட்டுமா என்று கேட்கும். 'ஆம்' என்றால், 640-க்கு மேலே இடம் திறந்துவிடும் இஎம்எம்386 டிரைவரின் வரியில் அப்படித் துழாவச் சொல்லும் ஹைஸ்கேன் என்ற சொல் சேர்ந்துவிடும். சில நெட்வொர்க் கார்டுகள் டி000 என்ற மேல் மெமரி முகவரியில் சொந்த ரேம் வைத்திருக்கும். டிரைவர் ஏறும்வரை அந்த இடம் காலி மாதிரியே தெரியும். அங்கே வேறொன்று போய் உட்கார்ந்தால், சர்வரில் லாகின் செய்யும்போது மெஷின் அப்படியே நின்றுவிடும். மெஷின் கிளம்பும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், அந்த இஎம்எம்386 வரியிலேயே எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப் (இந்த இடத்தைத் தொடாதே) என்று எழுதினால் தீர்ந்தது. அதை எழுத விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

திருப்பூர் சிவா:
நின்றால் மெம்மேக்கர் /அன்டூ கொடுத்துப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாமே அண்ணா. அப்புறம், ஏறும்போது நிறைய இடம் கேட்டு, ஏறிய பிறகு சுருங்கிவிடும் டிரைவர்கள் இருக்கின்றன. எதை முதலில் ஏற்றினால் எந்தச் சந்தில் எது நுழையும் என்று மனக்கணக்குப் போட முடியாது. மெம்மேக்கரோடு வரும் சைசர் நிரல் ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கிறது. கையால் எழுதுகிறவர் எது எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று காட்டும் மெம் /சி கட்டளையைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தானே மாற்றுகிறார்?

பொள்ளாச்சி மணி:
இரண்டு பேரும் 386 சிப் மெஷினையே பேசுகிறீர்களே. அதற்கு முந்தைய 286-இல் மெம்மேக்கரும் ஓடாது, இஎம்எம்386-உம் ஓடாது. அங்கே 1991-இல் டாஸ் 5 கொடுத்த ஹைமெம்.சிஸ், டாஸ்=ஹை என்ற இரண்டு வரிதான் கதி. 1 எம்பிக்கு மேலே 64 கேபிக்கு 16 பைட் குறைவாக ஒரு இடம் அதனால் கிடைக்கும். டாஸின் பெரும்பகுதி அங்கே போய்விடும். ஃபாக்ஸ்ப்ரோ திறக்க அதுவே பெரிய உதவி.

ஈரோட்டுக்காரன்:
மணி சொல்வது சரிங்க. அந்த இரண்டு வரியும் கைவேலைதானே?

திருப்பூர் சிவா:
386-க்கு வாங்க அண்ணா. நீங்கள் எழுதிய எக்ஸ் வரியை அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா என்றும் அதே கஸ்டம் செட்டப் கேட்கிறது. முதலில் அதை எழுதிவிட்டு மெம்மேக்கரை ஓட்டுங்கள்.

ஈரோட்டுக்காரன்:
நான் அப்படி ஓட்டுவேன். உங்கள் கணக்குப்பிள்ளை எக்ஸ்பிரஸ் செட்டப்பில் என்டர் தட்டிவிட்டுப் போவாரே தம்பி, அங்கே அந்தக் கேள்வியே வராதுங்களே!